டிக்கெட் அவர் பொறுப்பு, அறை இவள் பொறுப்பு

"மேடம், ரூம் பேப்பர் இருக்கு. டிக்கெட் பேப்பர் எங்க?"

பயணப் பிரிவு எழுத்தர் கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. டிக்கெட் இல்லை. தொலைக்கவில்லை, வீட்டில் மறந்து வைக்கவில்லை, எடுக்கவே இல்லை. மாநாட்டுக்கு இன்னும் எட்டே நாள். போகவேண்டிய பெருநகரமோ ஒரு முழு இரவு ரயில் தூரம்.

எழுத்தர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். அந்த மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. அவர் முத்திரை குத்தாமல் அந்த அலுவலகத்திலிருந்து ஒரு ஈ கூட வெளியூர் போக முடியாது.

"பதினெட்டு வருஷமா உங்க வீட்டுப் பேப்பர்தான் எனக்கு முதல்ல வரும். ரெண்டு பேரோடதும் ஒரே கிளிப்ல இருக்கும். இந்த வருஷம் என்ன மேடம், தனியா வருது, அதுவும் பாதியா வருது?"

"நாளைக்குத் தரேன் சார்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அவள் வேலை எடைக்கற்களைச் சோதிப்பது. கடைத்தெருத் தராசிலிருந்து மருந்துக் கம்பெனித் தராசுவரை எல்லாம் சரியாக நிறுக்கிறதா என்று பார்க்க ஒரு கல் வேண்டும். அந்தக் கல்லே சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இவள். அலுவலகத்தில் 'தராசு மேடம்' என்றால்தான் தெரியும். மூன்றாவது மாடியில் வெப்பமானிகளைச் சோதிக்கும் இவள் கணவருக்கு 'ஜுரம் சார்' என்று பெயர். வைத்த புண்ணியவான் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் ஜுரம் சார் ஒரு பெட்டியோடு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் வந்து, "நாம ரெண்டு பேரும் ஒரே வீட்ல வாடகைக்கு இருக்கற மாதிரி இருக்கு. நான் கொஞ்ச நாள் அக்கா வீட்ல இருக்கேன்," என்றார். அவள் "சரி" என்றாள். அப்போது கையில் இருந்தது அவருடைய சட்டை. அதையும் ஒழுங்காக மடித்துக் கொடுத்தாள். அதோடு குடித்தனம் கலைந்தது.

கொஞ்ச நாள் என்பது நீண்டுகொண்டே போய் ஒரு வக்கீல் வீட்டு வாசலில் நின்றது. மாநாடு முடிந்து வருகிற திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் பிரிவு மனுவில் கையெழுத்துப் போடவேண்டும். "யாராவது ஒருத்தர் வேண்டாம்னா இது இங்கயே நின்னுடும்," என்று வக்கீல் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். இரண்டு தடவையும் இருவரும் தலையாட்டினார்களே தவிர, வாயைத் திறக்கவில்லை.

அவளுக்கு எதுவும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அழுகை வரும் என்று முதல் வாரம் முழுக்கக் காத்திருந்தாள். வரவில்லை. கோபமாவது வரும் என்று பார்த்தாள், அதுவும் எட்டிப் பார்க்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிட்டாள், படுத்ததும் தூங்கினாள், கல்லை எடுத்தாள், நிறுத்தாள், எழுதினாள். யாராவது வாயைக் கிளறினால் சொல்வதற்கு இரண்டே வார்த்தை வைத்திருந்தாள்: "அவர்தான் போனார்." இதைச் சொன்னால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. மிகவும் வசதியாக இருந்தது.

டிக்கெட் விஷயத்துக்கு வருவோம். கல்யாணமான முதல் வருஷமே இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டுவிட்டார்கள். எந்த ஊர் போனாலும் டிக்கெட் அவர் பொறுப்பு, அறை இவள் பொறுப்பு. எந்தப் பெட்டி படிக்கட்டுக்கு நேராக நிற்கும், எந்த வண்டி நேரத்துக்கு வரும், எது வந்தால்தான் நிச்சயம் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இவள் லாட்ஜ்காரரிடம் வெந்நீர் எத்தனை மணிக்கு நிற்கும், ஜன்னல் ரோட்டைப் பார்த்ததா, கட்டில் கிறீச்சிடுமா என்று குடைந்து எடுத்துவிட்டுத்தான் அறை போடுவாள். ஒருவர் எல்லையில் மற்றவர் காலை வைத்ததில்லை. ஆகவே இந்த வருஷமும் மாநாட்டு அறிவிப்பு வந்ததும் லாட்ஜுக்குப் போன் பண்ணி அறை போட்டாள். போட்டதும் மனசு 'பயண ஏற்பாடு முடிந்தது' என்று கோடு கிழித்துவிட்டது. டிக்கெட் என்று ஒன்று தனியாக எடுக்கவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

அன்று மத்தியானம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேடினாள். ரயிலில் காத்திருப்போர் பட்டியலே இருநூறைத் தாண்டியிருந்தது. பஸ்ஸில் கடைசி வரிசை நடு இருக்கை ஒன்று இருந்தது. விவரங்களை அடித்து முடிப்பதற்குள் அதையும் யாரோ கொத்திக்கொண்டு போய்விட்டார்கள். இந்த வருஷம் அவள் போகாமலும் இருக்க முடியாது. ஈரக்காற்றில் எடைக்கற்கள் கனப்பதைப் பற்றி முதல் நாள் பத்து மணிக்கு மேடையேறிக் கட்டுரை படிக்கவேண்டும்.

சாயங்காலம் தங்கையிடம் போனில் சொன்னாள். தங்கைக்கு எப்போதுமே வாய் நீளம்.

"மாமாகிட்ட கேட்டா நிமிஷத்துல வழி சொல்லுவாரே. கேளேன்."

"எதுக்கு? அவர்தான் போனார்."

"ஆமா, அவர்தான் போனார், அவர்தான் போனார். அக்கா, நாலு மாசமா டேப் போட்ட மாதிரி இதையே சொல்றே. நீ போகாதீங்கன்னு சொன்னியா?"

"அடுப்புல பால் இருக்கு," என்று போனை வைத்தாள். அடுப்பில் பால் இல்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு அவரே ஆய்வகத்துக்கு வந்தார். எடை அறைக்குள் யாரும் சட்டென்று நுழையக்கூடாது. ஆளின் உடம்புச் சூட்டுக்கே தராசில் எண்கள் ஓட ஆரம்பித்துவிடும். அது தெரிந்தவர் என்பதால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் கடைசி அளவை எழுதி முடித்துக் கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள். முடி வெட்டியிருந்தார். அக்கா வீட்டுச் சோப்பு வாசனை அடித்தது.

"வேலையா இருக்கியா?"

"முடிஞ்சுது. சொல்லுங்க."

"மாநாட்டுக்கு ரூம் எங்க போட்டிருக்கே?"

"அதே லாட்ஜ்தான்."

"ஓ." தரையைப் பார்த்தார். "எழுத்தர் இன்னைக்குக் காலைல என்னைப் பிடிச்சுட்டார். டிக்கெட் பேப்பர் இருக்கு, ரூம் பேப்பர் எங்கன்னு கேட்டார். அப்பதான் தெரிஞ்சுது, நான் ரூமே போடல. போட்டிருக்கணும்னு தோணவே இல்ல. இப்ப பத்து லாட்ஜுக்குப் போன் பண்ணிட்டேன். அந்த வாரம் அங்க ஏதோ பெரிய பொருட்காட்சியாம். ஒரு மூலைகூட இல்லங்கறான்."

நாலு மாதத்தில் முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"எனக்கு டிக்கெட் இல்ல," என்றாள்.

"உனக்கு இருக்கே."

"என்ன?"

"முன்பதிவு திறந்த அன்னைக்குக் காலைல எப்பவும்போல உக்காந்தேன். கை பாட்டுக்கு ரெண்டு பேர் பேரையும் அடிச்சுடுச்சு. முட்டி வலிக்குமேன்னு உனக்குக் கீழ்ப் படுக்கை. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் என்ன பண்ணியிருக்கேன்னு பார்த்தேன். உன் பேரை எடுத்துடலாம்னு நாலஞ்சு தடவை திறந்தேன். எடுக்கல. நீ தனியா எடுத்திருப்பேன்னு நெனச்சு சொல்லவும் இல்ல." சொல்லிவிட்டு நிமிர்ந்தார். "அப்ப ரூம்…"

அவர் முகத்தில் ஒரு சின்ன எதிர்பார்ப்பு இருந்தது. பரீட்சை முடிவைப் பார்க்க வந்த பையன் முகம் அப்படித்தான் இருக்கும். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"ஒரு ஆளுக்குத்தான் போட்டேன்."

"அதானே முறை," என்றார் உடனே. "அதுதான் சரி. நீ பண்ணதுதான் சரி." டிக்கெட்டை அச்செடுத்து அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியேறிப் போய்விட்டார்.

அவள் எடை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். தராசு அடங்குவதற்குக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணியில் அவளுக்கு லாட்ஜுக்குப் போன் பண்ணிய நாள் நினைவுக்கு வந்தது. ஒன்பது வருஷமாக அவர்களைத் தெரிந்த மேனேஜர், "சார் வரலீங்களா?" என்று கேட்டிருந்தார். "இல்ல, நான் மட்டும்தான்," என்று சொல்லியிருந்தாள். தொண்டை அடைக்கவில்லை, குரல் நடுங்கவில்லை, ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் வெந்நீர் எத்தனை மணிக்கு நிற்கும் என்று கேட்டாள்.

பெட்டி எடுத்துக்கொண்டு போன மனிதரின் கை இரண்டு பேர் பெயரை அடித்திருக்கிறது. வீட்டைவிட்டு நகராத இவள் ஒரு பெயரைத்தான் சொல்லியிருக்கிறாள். அவர்தான் போனார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாளே, யார் முதலில் போனது? இவள் எப்போது போனாள்? அவர் போகிறேன் என்றபோது சட்டையை மடித்துக் கொடுத்த அன்றா? அதற்கும் முன்பா? யோசிக்க யோசிக்க நாள் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. போன வருஷமா, அதற்கு முந்தின வருஷமா, ஒன்றும் பிடிபடவில்லை. இவள் வெளியேறியது இவளுக்கே தெரியாமல் நடந்திருக்கிறது, அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாடகைக்கு இருக்கிற மாதிரி என்று அவர் சொன்னது புகார் இல்லை, கெஞ்சல் என்று இப்போது புரிந்தது. அன்றைக்கு மேற்கொண்டு அவள் எந்தக் கல்லையும் நிறுக்கவில்லை.

போனை எடுத்து லாட்ஜுக்கு அடித்தாள். இரட்டை அறை இல்லை, அந்த வாரம் வராந்தாவுக்குக்கூட ஆள் காத்திருக்கிறது என்றார் மேனேஜர். அப்புறம், "உங்களுக்காக அதே ரூம்ல இன்னொரு கட்டில் போட்டுத் தரேன் மேடம், நடக்கத்தான் இடமிருக்காது," என்றார். போடச் சொன்னாள்.

மூன்று மாடியும் நடந்தே ஏறினாள். முட்டி முணுமுணுத்தது. வெப்பமானி அறையில் அவர் அச்சுப்பொறி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ரூம்ல இன்னொரு கட்டில் போடச் சொல்லியிருக்கேன். நீங்க அங்கேயே தங்கலாம்."

அவர் காகிதத்தைக் கையில் எடுத்துச் சூடு ஆறுகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம். அக்கா வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சவர் வீடு ஒண்ணு புறநகர்ல இருக்கு. சொல்லி வெச்சாச்சு. மண்டபத்துக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகும், பரவாயில்ல."

"ஒன்றரை மணி நேரம் எதுக்கு அலையணும்?"

"நான் ரூம் இல்லாம வந்து நின்னேன்னு நீ கட்டில் போட்டே. அந்தக் கட்டில் எனக்கு வேண்டாம்." குரலை உயர்த்தவில்லை. ஜுரம் சாருக்கு என்றைக்குமே குரல் உயராது. "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. ரூம் போடும்போது என் ஞாபகம் வந்துச்சா?"

பக்கத்து மேஜையில் ஒரு வெந்நீர்த் தொட்டி கொதிக்காமல் மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது. 'வந்துச்சு' என்று சொல்லிவிடலாம். அவர் நம்பக்கூட நம்புவார்.

"வரல," என்றாள்.

அவர் தலையசைத்தார். டிக்கெட்டை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அதில் அவள் பெயர் மேலேயும் அவர் பெயர் அதற்கு அடியிலும் இருந்தன. பதினெட்டு வருஷமாக அவர் இப்படித்தான் எடுத்திருக்கிறார் போலிருக்கிறது. அவள் ஒரு டிக்கெட்டையும் பிரித்துப் படித்ததில்லை, அவர் பின்னாலேயே போய் ஏறி உட்கார்ந்துவிடுவாள்.

"அப்ப திங்கட்கிழமை வக்கீல்கிட்ட பார்க்கலாம்," என்றார்.

"நான் கையெழுத்துப் போடல."

"ஏன்?"

அவளுக்குக் கண் எரிந்தது, மார்புக்குள் ஏதோ பிறாண்டியது. உள்ளே வெப்பமானிக்காரர்கள் நாலைந்து பேர் வேலை செய்வதுபோல் பாவனை பண்ணிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டால் கேட்கட்டும் என்று இருந்தது.

"நாலு மாசமா எனக்கு ஒண்ணுமே வலிக்கலங்க. நல்லா தூங்கினேன், நல்லா சாப்பிட்டேன். இப்ப வலிக்குது. இவ்ளோ நாள் கழிச்சு இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு." டிக்கெட்டை நாலாக மடித்தாள். "நீங்க திரும்பி வாங்கன்னு கேக்கல. கேக்கற யோக்யதை எனக்கு இல்ல. கொஞ்ச நாள் நான் வலிக்க விட்டுப் பார்க்கணும். அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுட்டா, எதுக்கு வலிச்சுதுன்னே தெரியாமப் போயிடும்."

அவர் நாற்காலி ஒன்றை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு, அலுவலக நேரத்தில், அத்தனை பேர் முன்னாலும் அழுதாள்.