மெடிக்கல் வாரச் சமையல்

போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிற ஆளே இல்லை என் வீட்டுக்காரர். கூடத்தில் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். ஒரகடம் கம்பெனியில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் இரைச்சலிலேயே தேய்ந்துபோன காது. அப்படிப்பட்ட ரகுபதி, ஷாரோன் பெயர் போனில் வந்தால் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு மாடியேறினால், எனக்குச் சந்தேகம் வராமல் வேறென்ன வரும்?

ஷாரோன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பென்னலூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். முன்பு இவர் கம்பெனியிலேயே வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீசில் இருந்தவள் என்பதால் வாய் நிறைய அண்ணா, அக்கா. இவர் ரிடையர் ஆகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வந்துவிட்டாள். கம்பெனி கொடுத்த மெடிக்கல் கார்டு இரண்டு லட்சம் வரைக்கும்தான் தாங்கும், அதற்கு மேல் போனால் நம் பாடு, அந்த மேல்செலவுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு டாப்-அப் பாலிசி போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அதில் தப்பில்லை. இவரோடு வேலை பார்த்த பெருமாள்சாமிக்கு நெஞ்சு அடைத்தபோது கார்டு பாதியிலேயே தீர்ந்துவிட்டது. அவர் டாப்-அப்பும் போட்டிருந்தார். ஆனால் பிரஷர் இருந்ததை மறைத்துவிட்டார் என்று இன்சூரன்ஸ்காரர்கள் கை விரித்துவிட்டார்கள். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த மனையை விற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தார்.

இதெல்லாம் தெரிந்தும், "சுகர், பிரஷர் எதுனா கீதாண்ணா?" என்று ஷாரோன் கேட்டபோது இந்த மனுஷன் சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

துவரம்பருப்பு டப்பாவுக்குள் இவருடைய சுகர் மாத்திரை அட்டை இருக்கிறது. ஒன்பது வருடமாக அங்கேதான் இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. ஷாரோன் என்னை ஒரு மாதிரி பாவமாகப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் காபியைக் குடித்து முடித்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவே இல்லை.

அவள் போனதும் இவர் சொன்னார்: "அடுத்த திங்கக்கெழம ரத்தம் எடுக்க வூட்டுக்கே ஆள் வருது. நாளைலருந்து மெடிக்கல் சமையல் ஆரம்பிச்சுடு."

மெடிக்கல் சமையல் என்றால் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கும் விளக்கம் தேவையில்லை. கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் செக்கப். சுகர் கூட இருந்தால் மெஷின் லைனிலிருந்து தூக்கி ஓவர்டைம் இல்லாத வேலையில் போட்டுவிடுவார்கள். அதனால் அதற்கு முந்தின வாரம் வீட்டுக்கு வீடு பாகற்காய், கொள்ளு, காலையில் வெந்தயத் தண்ணீர். சோறு பெயருக்கு ஒரு பிடி. வைத்தியத்தையும் கம்பெனிக்குத் தெரியாமல் வெளியில் பார்த்துக்கொள்வார்கள். இவர் ஒவ்வொரு வருஷமும் பாஸ். சமைத்த எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

"அது கம்பெனிக்குக் காட்டறதுக்கு. இப்ப யார ஏமாத்தறீங்க?" என்றேன்.

"சுகர்னு எழுதுனா பிரீமியம் ஏத்துவான். இல்லன்னா வேணாம்னுடுவான். உனக்கு இன்னா தெரியும்?"

எனக்கு ஒன்றும் தெரியாது. பாகற்காயை வாங்கி வந்து வதக்கினேன். ஆனால் வாணலியைக் கிளறும்போதெல்லாம் பெருமாள்சாமி ஞாபகம்தான். நாளைக்கு இவருக்கு ஒன்று ஆனால் விற்க எங்களுக்கு மனைகூட இல்லை, இந்த வீடுதான் இருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் மறுபடியும் ஷாரோன் போன். இவர் மாடிக்கு. நான் சும்மா இருப்பேனா, பின்னாலேயே ஏறினேன். பாதிப் படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு வாங்கியது. கோபம் வந்தால் எனக்கு அப்படித்தான். ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு இவர் பேசுவது அங்கேயே கேட்டது.

"மஞ்சுளாவுக்கு மட்டும் தெரிய வேணாம்மா. தெரிஞ்சா காரியமே கெட்டுடும்."

இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் எதையோ மறைக்கிறார்கள். பணமா, வேறு கண்றாவியா, எதுவாக இருந்தாலும் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இவர் குளிக்கப் போனதும் மாத்திரை அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு பென்னலூருக்கு பஸ் ஏறினேன். ஷாரோன் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் மாறியது. அதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

மாத்திரை அட்டையை அவள் முன்னால் வைத்தேன். "உங்கண்ணனுக்கு ஒன்பது வருஷமா சுகர். இத எழுதிக்க. பெருமாள்சாமி மாதிரி நாங்க நடுத்தெருவுல நிக்கக்கூடாது. இப்ப நீ சொல்லு. எனக்குத் தெரியாம இன்னா பேசிக்கினு கீறீங்க?"

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "நல்ல வேளைக்கா. எழுதிட்டா சுகர் சம்பந்தப்பட்டதுக்குக் கொஞ்ச வருஷம் பணம் வராது, பிரீமியமும் ஏறலாம். ஆனா மறைச்சா கடைசில ஒண்ணுமே வராது."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

ஷாரோன் அட்டையைக் கீழே வைத்தாள். "குன்றத்தூர் மலைக்கோயிலுக்குப் போயிருந்தீங்களாமே. படியேறும்போது அங்கங்க நின்னு, மூச்சு வாங்கறது தெரியாம இருக்க, செருப்பக் கழட்டி வுட்டது எங்கன்னு யோசிக்கிற மாதிரி திரும்பிப் பாத்தீங்களாம். நெஞ்ச அமுக்கிக்கினீங்களாம். அண்ணன் கவனிச்சுட்டு, நான் உங்க வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே எங்கிட்ட வந்து சொன்னாரு. நாளைக்கு உங்களுக்கும் ஈசிஜி எடுக்கணும், எல்லாருக்கும் எடுக்கறதுதான்னு சொல்லிடும்மா, இல்லன்னா பயந்துகினு ஒத்துக்கவேமாட்டான்னு கெஞ்சறாரு. மாடிலருந்து பேசறதெல்லாம் அதான்க்கா."

தன்னுடைய சுகரைச் சொல்ல மாட்டாராம், என்னுடைய மூச்சைப் போய்ச் சொல்லியிருக்கிறார். திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இந்த மனுஷனையா அப்படி நினைத்தேன் என்று வெட்கமாக இருந்தது.

ஷாரோன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "உண்மையச் சொல்லுங்கக்கா. நெஞ்சுல எதுனா பண்ணுதா?"

நான் சிரித்தேன். "ஒண்ணும் இல்லம்மா."

சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று எனக்கு உறைத்தது. அதே சிரிப்பு, அதே இரண்டு வார்த்தைப் பொய். ஷாரோன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் காபியோடு பார்த்த அதே பார்வை.

"பொங்கலுக்கு முன்னாடிலருந்து" என்றேன். "இடது கை வரைக்கும் வலிக்குது. எழுதிக்க."