மேடு எந்தப் பக்கம்

அவனுக்கு இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. காலையிலிருந்து இறைத்தும் கூடத்தில் புகுந்த மழைத்தண்ணீர் கணுக்காலுக்குக் கீழே இறங்கவில்லை. அண்ணன் கட்டிலில் கிடந்தார். கட்டில் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல். மூன்று நாளாக இதே வாளியால் இறைத்தவர், விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

"வாளிய வை தம்பி," என்றாள் அண்ணி. "வாசல்ல ஊத்துறது வாசல் வழியாவே திரும்பி வருது. படம் போட்டவனுக்கு இதுகூடத் தெரியாதா?"

இந்த முப்பது மனைக்கும் மனைப்படம் போட்டவன் அவன்தான். முதல் படத்தில், தாழ்ந்த மூலையில் மழைநீர் தங்க ஒரு குளம் இருந்தது. "குளத்தையா விக்க முடியும்? ரெண்டு மனை போடு," என்றார் மனை விற்ற முதலாளி. குளத்தை அழித்துப் பதினேழு, பதினெட்டு என்று எண் போட்டான். ஓரமாக ஒரு முழ அகலத்தில் வடிகால் இழுத்துவிட்டான். மண் வெட்டிப் பிழைத்த அண்ணன், தம்பி போட்ட படமாயிற்றே என்று பத்தொன்பதை வாங்கினார்.

"அஸ்திவாரம் தோண்டுறப்பவே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. தண்ணி நிக்கிற மண்ணு இதுன்னாரு."

"ஏன் அண்ணி எங்கிட்ட கேக்கல?"

"தம்பி கூசிப்போவான்னாரு."

அவன் வாளியைக் கவிழ்த்து வைத்தான்.

சுடுகாட்டு வண்டி தண்ணீரில் இறங்க முடியாமல் பெரிய சாலையிலேயே நின்றுவிட்டது. கட்டிலோடு தூக்கிப் போவதென்று முடிவாயிற்று. பதினேழாம் மனைக் கொத்தனாரும் மூன்று பேரும் ஆளுக்கொரு கால் பிடித்தார்கள். அவன் தோள் கொடுக்கப் போனான்.

"நீ வேணாம்ப்பா," என்றார் கொத்தனார். "மேடு எந்தப் பக்கம்னு உனக்குத்தான் தெரியும். முன்னால நட. உங்கண்ணன் கான்கிரீட்டு கனம். பள்ளத்துல விட்டா எடுக்க முடியாது."

யாரோ சிரித்துப் பாதியில் நிறுத்தினார்கள்.

ஒவ்வோர் அடியின் உயரமும் தாழ்வும் அவனுக்கு மனப்பாடம். "இடது பக்கம் வாங்க. இங்க சரியும்." முழங்காலில் இருந்த தண்ணீர் பதினெட்டின் மூலையில் இடுப்புக்கு ஏறியது. நால்வரும் கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கினார்கள்.

"இங்க மட்டும் ஏம்ப்பா இவ்வளவு ஆழம்?"

அவன் திரும்பவில்லை. "பதினேழும் பதினெட்டும் குளமா இருக்கணும்ணே. முதல் படத்துல இருந்துச்சு. நான்தான் அழிச்சேன்."

"என் வீடு நிக்கிற எடத்துலயா?"

"ஆமாண்ணே."

கட்டிலை வண்டியில் ஏற்றிவிட்டு, லுங்கியைப் பிழிந்தபடிதான் கொத்தனார் வாய் திறந்தார்.

"அப்போ முப்பது வீட்டுக்கும் நீ ஒரு குளம் தரணும்."

"தரணும்ணே," என்றான்.