துரையின் குழாய் முடிந்த இடம்

அந்தத் தெருவில் கடை வைத்திருந்தவர்கள் அவளைக் கொடியக்கா என்று கூப்பிட்டார்கள். கையில் மஞ்சள் கொடி ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னால் இருபது பேர் வரிசையாக வர, பதினோரு வருடங்களாக அவள் அங்கே நடந்துகொண்டிருந்தாள். நடுவில் கொஞ்சம் இடம் விட்டு எழுதினால் பெயர் இன்னும் பொருந்தும் என்பான் அவள் கணவன். கொடிய அக்கா.

தெரு என்றால் ஏதோ ஒரு தெரு இல்லை, படம் போட்ட தபால் அட்டையில் அச்சாகிற தெரு. ஒரு முனையில் மணிக்கூண்டு. மறுமுனையில் துறைமுகத்துப் பக்கம் திரும்புகிற வளைவு. இடையில் வெள்ளைக்காரத் துரைமார் கட்டிவிட்டுப் போன நீதிமன்றம், வங்கி, தபால் அலுவலகம், அவர்கள் மட்டும் உட்கார்ந்து குடித்த கிளப். ஒவ்வொரு கட்டடத்துக்கும் பத்துத் தூண் இருந்தது, வெயிலுக்கு ஒதுங்க ஒரு மரம்தான் இல்லை.

கொடியக்காவுக்குச் சம்பளம் கொடுத்தது பாரம்பரியக் காப்புச் சங்கம். என்ன பேச வேண்டும் என்று பதினாலு பக்கக் குறிப்பு ஒன்றையும் கொடுத்திருந்தது. அதில் வருகிற துரைமார் எல்லோரும் தொலைநோக்கு உள்ளவர்கள். ஒருவர்கூடத் தும்மியது கிடையாது. கொடியக்காவுக்கு அது தலைகீழ்ப் பாடம். அவள் சொல்லும்போது கேட்டால், துரைமார் கிளம்பிப் போன அன்றைக்கு ஊரே அழுதிருக்கும் என்று தோன்றும்.

அவள் கணவன் நகராட்சியின் கழிவுநீர்ப் பிரிவில் மேற்பார்வையாளன். அந்தத் தெருவில் எந்தக் கட்டடம் எந்தக் காலத்தது என்று கேட்டால் முழிப்பான். கீழே எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்பதைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வான். கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் பாதாளம். சங்கத்தில் யாராவது அவனைப் பற்றி விசாரித்தால் நகராட்சியில் பொறியியல் பிரிவு என்று சொல்லிவைப்பாள் கொடியக்கா. முழுப்பொய் என்று சொல்ல முடியாது. சாக்கடைக்கும் பொறியியல் உண்டு.

தெருவின் நடுவே ஒரு சிலை நின்றது. நூற்றிருபது வருடங்களுக்கு முன்னால் ஊரை ஆண்ட பெரிய துரை. வலது கையில் சுருட்டிய காகிதம், முகத்தில் மலச்சிக்கல் வந்தவரின் தீவிரம். அந்தத் துரையின் கொள்ளுப்பேத்தி ஊருக்கு வருகிறார் என்று சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்ததும் செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை. துரையின் நாட்குறிப்புகள் அந்த அம்மாளிடம்தான் இருந்தன. அவற்றைச் சங்கத்துக்கு வாங்கிவிட்டால் தன் பெயரைக் கல்லில் பொறிப்பார்கள் என்பது அவர் கணக்கு. கோட்டு ஒன்று புதிதாகத் தைத்துக்கொண்டார். சிலையைக் கழுவச் சொன்னார். அந்த அம்மாளுக்கு நம் பாஷை தெரியாது என்பதால், கொடியக்கா பேசப் பேசத் தானே காதில் மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு.

குறித்த நாளுக்கு முந்தின நாள் கொடியக்காவின் தொண்டை கட்டிக்கொண்டது. விடிந்தபோது குரலே இல்லை. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. ஒரு வாரத்துக்கு வாயே திறக்கக் கூடாது என்றார் மருத்துவர். சங்கத்தின் இன்னொரு வழிகாட்டி பிரசவ விடுப்பில் இருந்தாள். கொடியக்கா ஒரு குறிப்பேட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மணிக்கூண்டுக்குப் போனாள். அன்றைக்கு விடுமுறை என்பதால் பாதாளம் ஒரு ஃபிளாஸ்க்கில் வெந்நீரோடு கூடவே வந்தான்.

அங்கே பதினெட்டு பேர் காத்திருந்தார்கள். பாதிப்பேர் பள்ளி ஆசிரியர்கள், மீதி சங்க உறுப்பினர்கள். கொள்ளுப்பேத்தி அறுபது வயதைத் தாண்டிய ஒல்லியான அம்மாள். நாற்பது வருடம் மாட்டு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். நடக்கத் தோதான தடித்த செருப்பு போட்டிருந்தார். செயலாளர் கொடியக்காவின் நிலைமையைக் கேட்டு வெளிறிப்போனார். பிறகு அவர் பார்வை ஃபிளாஸ்க்கின் மேல் விழுந்து, அதைப் பிடித்திருந்த ஆளின் மேல் ஏறியது.

"சார் இன்ஜினியர்தானே? சும்மா இதைப் பாத்துப் படிச்சாப் போதும். ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்று பதினாலு பக்கத்தையும் அவன் கையில் திணித்தார்.

கொடியக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவள் வெந்நீர் கேட்பதாக நினைத்துப் பாதாளம் ஒரு மூடியில் ஊற்றிக் கொடுத்தான்.

மணிக்கூண்டையும் நீதிமன்றத்தையும் தண்ணீர் நிறுத்த அறிவிப்பு படிக்கிற குரலில் படித்து முடித்தான். முற்றுப்புள்ளிகளில் நிற்காமல் காற்புள்ளிகளில் நின்றான். ஒரு ஆசிரியை கொட்டாவி விட்டாள். செயலாளர் மட்டும் நிம்மதியாக மொழிபெயர்த்துக்கொண்டு வந்தார். எல்லோரும் சிலையடிக்கு வந்து சேர்ந்தார்கள். பாதாளம் ஏழாவது பக்கத்தைத் திருப்பினான்.

"துரையவர்களின் கையில் இருக்கும் சுருள், அவர் இந்நகர மக்கள் அனைவருக்கும் அளித்த பாதாளச் சாக்கடையின் வரைபடம்" என்று படித்தவன் நின்றான். அந்த வரியை இன்னொரு முறை வாய்க்குள் படித்துப் பார்த்தான். பிறகு காகிதத்தை மடித்தான்.

"இது தப்பு. மக்கள் அனைவருக்கும்னு போட்டிருக்கு. மொத்தம் பதினோரு கட்டடத்துக்குத்தான் போட்டாங்க."

செயலாளர் இருமினார். பாதாளம் அதைத் தொண்டைக்கட்டு தொற்றிக்கொண்டதாக எடுத்துக்கொண்டு மேலே போனான். காகிதம் கையைவிட்டுப் போனதும் அவன் குரலே மாறிவிட்டது. நாம் நிற்கிற இடத்துக்குக் கீழே, ஓர் ஆள் குனிந்து நடக்கும் அளவுக்கு ஒரு செங்கல் வாய்க்கால் ஓடுகிறது என்றான். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது, இன்றைக்கும் ஒரு செங்கல் அசையவில்லை. துரை வீட்டில் ஆறு கழிவறை, கிளப்பில் ஒன்பது. அங்கே போகிற கிளைக்குழாயின் அகலத்தைப் பார்த்தாலே துரைமார் என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். நீதிமன்றத்தில் நீதிபதிக்கு ஒன்று உண்டு. குற்றவாளிக்குக் கிடையாது, அவர் தீர்ப்பு வரைக்கும் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆசிரியர்கள் சிரித்தார்கள். கொட்டாவி விட்ட ஆசிரியை முன்வரிசைக்கு வந்துவிட்டாள். செயலாளர் கொள்ளுப்பேத்தியின் காதில், வடிகால் அமைப்பு மிகச் சிறப்பானது என்று இவர் புகழ்கிறார் என்றார். அதற்கா இவ்வளவு சிரிப்பு என்று அந்த அம்மாள் கேட்க, எங்கள் மக்கள் எதற்கும் மகிழ்ச்சியடைபவர்கள் என்று சமாளித்தார்.

பாதாளம் கூட்டத்தை வளைவுக்கு நடத்திப் போனான். கொடி இல்லாமலே எல்லோரும் பின்னால் போனார்கள். கொடியக்காவுக்கு முகமெல்லாம் எரிந்தது. இனி சங்கத்தில் எந்த முகத்தோடு நிற்பது என்று நினைத்தபடி கடைசியில் நடந்தாள்.

வளைவில் ஒரு கருங்கல் நினைவுச் சின்னம் இருந்தது. காலராவில் இறந்த மூவாயிரம் பேருக்காக மனமுருகித் துரை எழுப்பியது என்று குறிப்பின் பத்தாம் பக்கம் சொல்லும். அந்த இடத்துக்கு வந்தால் கொடியக்கா குரலைத் தாழ்த்துவாள். சிலர் தொப்பியைக் கழற்றுவதும் உண்டு.

பக்கத்துக் கடைக்காரரிடம் ஓர் இரும்புக் கம்பியை வாங்கி, நடைபாதை ஓரத்துச் சாக்கடை மூடியை டப்பா திறப்பதுபோலத் திறந்தான் பாதாளம். "குழாய் இங்கேயே முடிஞ்சிடுது. இதுக்கு அந்தாண்ட துறைமுகத்துல மூட்டை தூக்கினவங்க குடியிருப்பு. அவங்களுக்குக் குழாய் இல்ல. ஆனா மேல இருந்து வந்ததெல்லாம் எங்கயாவது போகணுமில்ல. இடது பக்கம் திருப்பி அவங்க குடிக்கிற குளத்துல விட்டாங்க. குழாய் போட்டு முடிச்ச மறு வருஷம் காலரா வந்துச்சு. வேற எப்படி வரும்?"

யாரும் சிரிக்கவில்லை. ஓர் ஆசிரியர் நினைவுச் சின்னத்தின் மேல் வைத்திருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

செயலாளர் மொழிபெயர்த்தார். இறந்தவர்களுக்குத் துரை செய்த மரியாதையை நினைத்து எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள் என்றார். கொள்ளுப்பேத்தி அவரைப் பார்த்தார், திறந்து கிடந்த மூடியைப் பார்த்தார், நேராகக் கொடியக்காவிடம் வந்தார். நாற்பது வருடம் வாயில்லா ஜீவன்களிடம் விஷயத்தைக் கறந்தவர் ஆயிற்றே. அந்த மனிதர் உண்மையில் என்ன சொன்னார், தயவுசெய்து எழுதிக் காட்டுங்கள் என்று தன் மொழியில் கேட்டார்.

செயலாளர் அவருக்குப் பின்னால் நின்று கையை ஆட்டினார். கொடியக்கா குறிப்பேட்டைத் திறந்தாள். கணவன் மூடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். அவளைப் பார்க்கவில்லை. கம்பியில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். இதே இடத்தில் எத்தனை முறை குரலைத் தாழ்த்தியிருப்போம் என்று எண்ணிப் பார்த்தாள். வாரத்துக்கு மூன்று நடை, பதினோரு வருடம். பயணிகளோடு பழகிக் கற்றிருந்த அந்த அம்மாளின் மொழியிலேயே எழுத ஆரம்பித்தாள். பதினோரு கட்டடம், குளம், மறு வருடம், மூவாயிரம். எதையும் விடவில்லை. கடைசி வரியில், இவர் என் கணவர், கழிவுநீர்ப் பிரிவில் வேலை செய்கிறார், இவர் சொன்னால் சரியாக இருக்கும் என்றும் எழுதினாள்.

கொள்ளுப்பேத்தி இரண்டு முறை படித்தார். பிறகு குழியோரம் மண்டியிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது முழங்காலில் அழுக்கு. தன் வீட்டில் துரையின் எண்ணெய் ஓவியம் ஒன்று இருக்கிறது, குடும்பத்தில் யாருக்கும் அவரைப் பிடிக்காததால் கழிவறையில் மாட்டியிருக்கிறார்கள் என்றார். பிறகு அந்த மூவாயிரம் பேரின் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கல்லில் இல்லை. செயலாளருக்குத் தெரியவில்லை. பாதாளத்துக்கும் தெரியவில்லை.

அன்று மாலையே சங்கத்திலிருந்து ஆள் வந்து கொடியையும் அடையாள அட்டையையும் வாங்கிப் போனான். விருந்தினர் முன்னிலையில் மலஜலம் பற்றிப் பேசவைத்தது கண்ணியக் குறைவு என்று கடிதத்தில் இருந்தது. கொடியக்கா அதை நாலு முறை படித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். பாதாளம் எதிரே உட்கார்ந்து தோசைக்கல்லைத் தேய்ப்பது மாதிரி மேசையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். அவள் குறிப்பேட்டில் எழுதி அவன் பக்கம் தள்ளினாள். இவ்வளவு நாள் நான் அந்த இடத்தில் நின்று உளறிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

"நீ அங்க என்ன சொல்றேன்னு இன்னைக்குத்தானே எனக்கே தெரியும்" என்றான் அவன். "வேலையைப் பத்தி வீட்ல பேசினதில்ல. நான் பொறியியல் பிரிவுன்னு நீ சொல்லிட்டிருந்தே. சாக்கடையைப் பத்தி வாயெடுத்தா உனக்குக் கேவலமா இருக்கும்னு விட்டுட்டேன்."

அவள் துணியை அவன் கையிலிருந்து வாங்கிக் கொடியில் போட்டுவிட்டு வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். குழாய் அங்கிருந்து எங்கே போகிறது என்று விரலால் மேசையில் கோடு போட்டுக் கேட்டாள். அவன் உப்பு டப்பாவைக் குளமாகவும் கரண்டியைக் குழாயாகவும் வைத்துக் காட்டினான்.

குரல் திரும்பியதும் அவள் நகராட்சி ஆவண அறைக்குப் போனாள். அங்கிருந்த எழுத்தர் காலரா என்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டார். மூன்று வாரம் தூசி தின்று இடுகாட்டுப் பதிவேடு ஒன்றைக் கண்டுபிடித்தாள். அதில் நானூற்றுப் பன்னிரண்டு பெயர் இருந்தன. மீதிப்பேருக்கு 'கூலி ஆண்', 'கூலிப் பெண்', 'கூலிப் பிள்ளை' என்று மட்டும் எழுதியிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டையும் நகல் எடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்துக் கொள்ளுப்பேத்தியிடமிருந்து ஒரு தடித்த உறை வந்தது, சங்கத்துக்கு அல்ல, அவளுக்கு. காலரா பரவிய மாதத்தின் நாட்குறிப்புப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். துறைமுகத்துப் பக்கம் ஏதோ காய்ச்சல் என்று ஒரே ஒரு வரி. மற்ற நாலு பக்கமும் துரையின் குதிரைக்கு வந்த வயிற்றுவலியைப் பற்றி. ஓரத்தில் கொள்ளுப்பேத்தி பென்சிலால் எழுதியிருந்தார், குதிரைக்குக் கொடுத்த மருந்தும் தப்பு என்று.

கொடியக்கா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தமாக நடத்துகிறாள். மணிக்கூண்டில் தொடங்குவதில்லை. வளைவில் தொடங்கி, குழாய் போகாத பக்கமாகச் சந்துகளுக்குள் கூட்டிப் போகிறாள். நின்ற இடங்களில் பதிவேட்டிலிருந்து பெயர்களை வாசிக்கிறாள். முதல் ஞாயிறு நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் பேருந்துக்கான வரிசை என்று நினைத்து நின்றவர். ஆனாலும் கடைசிவரை கூட வந்தார். விடுமுறை கிடைத்தால் பாதாளமும் வருவான். குழாயின் விட்டத்தைப் பற்றி ஆரம்பித்தால் அவனை நிறுத்துவது பெரும்பாடு. என் கணவர், கழிவுநீர்ப் பிரிவு, இவரை யாரும் கேள்வி கேட்காதீர்கள், பொழுது போய்விடும் என்று சொல்லித்தான் அவனை அறிமுகப்படுத்துகிறாள்.

ஆறாவது ஞாயிறு, சந்துக்குள் சலவைக்கடை வைத்திருக்கும் அம்மாள் இஸ்திரிப்பெட்டியோடு வெளியே வந்து, குளம் நீங்கள் சொல்கிற இடத்தில் இல்லை, என் கடைக்கு அடியில் இருந்தது என்றாள். பாதாளம் ஒப்புக்கொள்ளவில்லை. இருபத்தெட்டு வருட சேவை என்றான். மூன்று தலைமுறையாக என் சுவர் ஈரம் காயவில்லை என்றாள் அவள். குளத்துக்குப் போன குழாயின் நீளம் அவனுக்கு மனப்பாடம், அதை மூடியிலிருந்து அளந்து பார்க்க அளவு நாடா வந்தது. நடக்க வந்தவர்கள் பாதிப்பேர் அவன் பக்கம், பாதிப்பேர் அவள் பக்கம் நின்று நாடாவைப் பிடித்தார்கள். எட்டடி வித்தியாசத்தில் பாதாளம் தோற்றான். தன் வரைபடத்தில் திருத்திக்கொள்ள அவனுக்கு மனம் வர ஒரு வாரம் ஆயிற்று.