ஆண்டவர் பார்த்த திசை

எங்கள் கோவிலைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். வாசலருகே தட்டில் அடுக்கி வைத்திருக்கும். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய சண்டையில் சுவீடன் சிப்பாய் கையை வெட்டிப்போன மாதா சிலையைப் பற்றி அதில் இருக்கிறது. கூரையில் இத்தாலியன் தீட்டிய தேவதூதர்களும், சலவைக்கல் மாதிரி வண்ணமடித்த மரத்தூண்களும் இருக்கின்றன. இதையெல்லாம் இருபது வருஷத்துக்கு மேலாகத் துடைத்துப் பெருக்குகிற என்னைப் பற்றி ஒரு வரி கிடையாது. போகட்டும். விண்ணேற்பு ஆண்டவரின் மரச் சுரூபத்துக்கு மட்டும் முழுதாக ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் மாக்னுஸின் பேரும் இல்லை, ஒட்டிலியின் பேரும் இல்லை. அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

நான் ஆஃப்ரா. ஆல்டன்ரீட் பங்குக் கோவிலின் கோயில்பிள்ளை. இது ஆண்கள் பார்த்த வேலை. என் புருஷன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ருஷ்யாவுக்குச் சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. வேறு ஆள் கிடைக்கும்வரை சாவியை நீயே வைத்துக்கொள் என்றார்கள். இன்னும் ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

ஆண்டவர் பரலோகம் ஏறிய விண்ணேற்புத் திருநாளில் பூசை முடிந்ததும், அவர் சுரூபத்தைக் கயிற்றில் கட்டிக் கூரை நடுவிலுள்ள வட்டத் துளை வழியாக மேலே இழுப்பது எங்கள் வழக்கம். இழுக்கும்போது கயிறு முறுக்குவிட்டுச் சுரூபம் சுற்றும். துளைக்குள் மறைவதற்கு முன் கடைசியாக அவர் முகம் எந்தப் பக்கம் நிற்கிறதோ, அந்தப் பக்கம்தான் அந்த வருஷத்து இடியும் கல்மழையும். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்துவிட்டது. அதில் தினமும் ஒருவன் கோலால் வரைபடத்தைத் தொட்டுத் தொட்டு வானிலை சொல்கிறான். அவனை எங்கள் ஊரில் ஒருத்தரும் சட்டை செய்வதில்லை. அண்ணாந்து துளையைப் பார்த்துவிட்டுத்தான் புல் அறுப்பைப் பற்றிப் பேச்செடுப்பார்கள்.

அந்த வருஷம் ஆண்டவர் மேற்கே பார்த்தார். மேற்குச் சரிவில் ஒரே ஒரு பண்ணைதான் இருக்கிறது. மாக்னுஸும் அவன் பெண்டாட்டி ஒட்டிலியும் அதில் இருந்தார்கள். பிள்ளைகள் கிடையாது. பூசை முடிந்து விடுதியில் பீர் குடிக்கும்போது மாக்னுஸை வைத்து ஒரே கேலியாம். காப்பீட்டுக்காரனுக்கு இன்றைக்கே ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்துவிடு என்றார்களாம். என்னிடம் வந்து அதைச் சொல்லிச் சிரித்தவன் மாக்னுஸ்தான். ஆனால் அதற்குப் பிறகு அவன் அடிக்கடி வானத்தைப் பார்க்க ஆரம்பித்தான். பேசிக்கொண்டே இருப்பான், பேச்சு நடுவில் கழுத்து மேலே போய்விடும்.

ஜூலையில் ஒருநாள் மத்தியானம் மேற்கே மேகம் கறுத்தது. அறுத்துக் காயப்போட்ட புல் சரிவு முழுக்கக் கிடந்தது. வேறொரு வருஷமாக இருந்தால், நனைந்தால் நனையட்டும் என்று உட்கார்ந்திருப்பான். அன்றைக்கு அவசர அவசரமாக டிராக்டரைச் சரிவில் ஏற்றினான். அது குடைசாய்ந்து அவன்மேல் விழுந்தது. மேகம் எங்கள் தலைக்கு மேலேயே நகர்ந்து பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது. இங்கே ஒரு துளிகூட விழவில்லை. துக்கமணி அடித்தவள் நான்தான்.

ஊரார் அந்தப் புல்லை வாரிக் கொட்டகையில் சேர்த்துக் கொடுத்தார்கள். அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் ஒட்டிலி வைத்த காப்பியைக் குடிக்க ஒருவரும் அந்த வீட்டுக்குள் நுழையவில்லை. ஆண்டவர் பார்த்த வீடு, யாருக்கு வேண்டும் வம்பு.

அடக்கம் முடிந்த வாரமே ஒட்டிலி வர ஆரம்பித்தாள். காலைப் பூசை முடிந்து சனம் போனபின் பூசைச் சாமான் வைக்கும் சக்கிறீஸ்து அறைக்குள் வந்து, அலமாரியைத் திற என்பாள். சுரூபம் அங்கேதான் இருக்கும். இடுப்பளவு உயரம். சிவப்பு அங்கி, ஒரு கை ஆசீர்வாதமாகத் தூக்கியிருக்கும். கருவிழிகள் கீழே நம்மைப் பார்க்கும், எங்கே நின்றாலும். ஒட்டிலி அதற்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சண்டை போடுவாள்.

"நீதான பாத்த? பாத்தல்ல, பதில் சொல்லு. நாப்பது வருசமா ஏறி எறங்குன சரிவு, அவருக்கு பிரேக் போடத் தெரியாதா? அப்படி என்ன பண்ணாரு உனக்கு? திருநாளுக்குத் திருநாள் மெழுகுதிரி வாங்கி வச்சாரே, அதுவா குத்தம்?"

கோபம் ஓய்ந்த நாட்களில் வீட்டுச் சமாச்சாரம் சொல்வாள். செவலைப்பசு கன்று போட்டது, கொட்டகைக் கதவு சாய்ந்துவிட்டது, இதையெல்லாம் யார் பார்ப்பது, நீ பார்ப்பாயா என்பாள். கட்டின புருஷனிடம் பேசுகிற மாதிரிதான் இருக்கும். நான் மெழுகுதிரித் தண்டுகளைத் தேய்த்துக்கொண்டு, காது கேட்காதவள் போல இருப்பேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமை. என் புருஷன் விஷயத்தில் யாரைத் திட்டுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளுக்காவது திட்ட ஒரு முகம் இருந்தது.

கிறிஸ்துமஸ் கழிந்து, சுரூபத்தைச் சுத்தம் செய்ய ஆயரின் மேற்றிராசனத்திலிருந்து ஒரு அம்மாளை அனுப்பினார்கள். ஃபெர்பர் என்று பேர். கால்சட்டை போட்டிருப்பாள், கல்லறைச் சுவரில் சாய்ந்து சிகரெட் பிடிப்பாள். கோவிலை ஒட்டி, கல்லறையில் தோண்டியெடுத்த பழைய எலும்புகள் வைத்திருந்த சிறு கோவிலில் அவளுக்கு மேசை போட்டுக் கொடுத்தோம். ஆண்டவரை அதில் படுக்கவைத்துவிட்டு, குச்சியில் பஞ்சு சுற்றி, நகத்தளவு நகத்தளவாகத் துடைத்தாள். ஐந்நூறு வருஷத்துச் சுரூபம், ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று தடவை வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று சொன்னாள். கெட்டவள் இல்லை. வேலையில் அப்படி ஒரு பிரியம். ஒட்டிலி அங்கேயும் வந்து ஓரமாக நிற்பாள். வேற்று ஆள் இருந்ததால் சத்தம் போடாமல் உதட்டை மட்டும் அசைப்பாள்.

ஒருநாள் நான் காப்பி கொண்டு போனபோது ஃபெர்பர் அம்மாள் என் கையைப் பிடித்து மேசைக்கு இழுத்தாள். இடது கண்ணைச் சுத்தம் செய்து முடித்திருந்தாள். மேல்பூச்சுக்கு அடியில் வேறொரு கண் இருந்தது. அது எங்களைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தது. வலது கண் பழையபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒட்டிலி வாசலில் நின்றாள். இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வா என்று மறித்துப் பார்த்தேன். என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள்.

ஃபெர்பர் அம்மாளுக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. பார்க்க இன்னொரு ஆள் வந்த சந்தோஷத்தில் சொன்னாள்: "பாருங்க, செதுக்குனவன் கண்ண மேல பாக்கற மாதிரிதான் செதுக்கியிருக்கான். பரலோகம் போறவரு மேலதான பாப்பாரு. எரநூறு வருசம் முன்னாடி எவனோ ஒரு அரைகுறை பெயின்டர் அதுமேல பூசி, சனங்களப் பாக்கற மாதிரி முழிய வரஞ்சு வச்சுட்டான்."

ஒட்டிலி மேசையோரம் வந்து குனிந்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப போன வருசம் எங்க வீட்டப் பாத்தது?"

"யாரும் பாக்கலங்க. அது வெறும் பெயின்ட்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து. ஒட்டிலி அந்த வலது கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை மட்டும் அப்படியே விட்டுவிட முடியுமா என்று கேட்டாள். பாதியில் விட முடியாது என்று ஃபெர்பர் அம்மாள் பொறுமையாக விளக்கினாள். எனக்குக் கையிலிருந்த காப்பியை அவள் தலையில் கொட்டலாம் என்று வந்தது. அவள்மேல் என்ன தப்பு? உள்ளதைத்தானே சொன்னாள். அதனாலேயே கோபம் கூடியது.

அதற்குப் பிறகு ஒட்டிலி வருவதை நிறுத்திவிட்டாள். இரண்டு கண்ணும் மேலே பார்க்க, ஆண்டவர் புதுச் சிவப்பில் அலமாரிக்குத் திரும்பி வந்தார். காலையில் சக்கிறீஸ்தில் என் துணி உரசும் சத்தம் மட்டும்தான். தாங்க முடியாமல் ஒருநாள் மேற்குச் சரிவுக்கு ஏறிப் போனேன். அவள் கொட்டகையில் மாட்டுக்குக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவரு பாத்தாருன்னு இருந்தப்ப கோவமாவது இருந்துச்சு ஆஃப்ரா. எதுக்கோ பாத்தாரு, என்னைக்காவது காரணம் சொல்லுவாருன்னு இருந்தேன். யாருமே பாக்கலன்னா, எம்புருசன் சும்மா செத்தாரா?"

நான் குனிந்து, சிதறிய கிழங்கைக் கூடையில் பொறுக்கிப் போட்டேன். பிறகு அவளே கேட்டாள்: "இப்ப மேலதான பாக்கறாரு. அந்தத் தொளைக்கு மேல நின்னு பாத்தா கண்ணுக்கு நேரா இருப்பாரோ?" அவள் பேச்சு எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்தது. பயமாக இருந்தது.

திருநாள் நெருங்கியது. கயிறு இழுக்கும் வெண்டலின் தோள் வலிக்கிறது என்று சொல்லிவிட்டான். அடுத்தவனுக்குத் தலைசுற்றல், அதற்கடுத்தவனுக்கு இடுப்பு. ஊர் ஆண்களுக்கு ஒரே வாரத்தில் இத்தனை வியாதி வந்து நான் பார்த்ததில்லை. யார் இழுத்து முகம் எந்தப் பக்கம் நின்றாலும், நாளைக்கு ஏதாவது என்றால் இழுத்த கையைத்தானே சொல்வார்கள். பங்குச் சாமியார் ஹேபர்லேவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புதுப்பித்த சுரூபத்தைப் படம் எடுக்கப் பத்திரிகைக்காரன் வரப்போகிறான். அப்போதுதான் ஒட்டிலி வந்து, நான் இழுக்கிறேன் என்றாள். பெண்கள் மேலே ஏறுவது வழக்கமில்லையே என்று சாமியார் வார்த்தையை இழுத்தார்.

"இழுக்க வேற கை இருந்தா காட்டுங்க சாமி."

சாமியார் தரையைப் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது.

கூரைக்கு மேலே இருட்டும் புறா எச்சமும்தான். நானும் அவளோடு ஏறினேன். ஆண்டவர் மறைந்ததும் பூவிதழும் அப்பத் துண்டும் கீழே தூவ வேண்டும், அது என் வேலை. துளையின் மூடியை நகர்த்தினோம். தரை ஆழத்தில் தெரிந்தது, ஊர் முழுக்கத் தலையைத் தூக்கி வாயைத் திறந்து நின்றது. பாட்டு தொடங்கியது. ஒட்டிலி உத்தரத்தில் காலை ஊன்றி இழுத்தாள். பால்வாளி தூக்கிய கை, தடுமாறவில்லை.

ஆண்டவர் மெல்லச் சுற்றிக்கொண்டே ஏறினார். பிடரியிலுள்ள வளையத்தில் கயிறு, முகம் சற்று மல்லாந்து இருந்தது. பாதி உயரம் வந்ததும் நானும் குனிந்து பார்த்தேன். அந்தக் கண்கள் நேராக ஒட்டிலியைப் பார்த்தன. எந்தப் பக்கம் சுற்றினாலும் அவளைத்தான். துளைக்கு ஒரு முழம் கீழே வந்தபோது அவள் இழுப்பதை நிறுத்திவிட்டாள்.

"இப்ப சொல்லு," என்றாள் மெதுவாக.

கீழே பாட்டு முடிந்துவிட்டது. ஆண்டவர் அந்தரத்தில் இப்படியும் அப்படியும் ஆடினார். கீழே முணுமுணுப்பு எழுந்தது. கயிறு ஒட்டிலியின் உள்ளங்கையை அறுத்திருக்கும். அவள் குனிந்து, முகத்தோடு முகம் வைக்கிற மாதிரி பார்த்தாள். நான் செபம் சொல்லக்கூட மறந்து, ஏதாவது சொல்லேன் என்று மனசுக்குள் அந்தச் சுரூபத்திடம் கெஞ்சினேன்.

பிறகு அவள் மூச்சு விட்டாள். "மரந்தான்டி ஆஃப்ரா," என்றாள்.

ஒரே இழுப்பில் அதைத் துளை வழியாக மேலே எடுத்தாள். பலகையில் படுக்கவைத்து, முகத்தில் விழுந்த தூசியை இடுப்பில் கட்டிய முன்துணியால் துடைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் கூடையைக் கவிழ்த்தேன். கீழே குழந்தைகள் அப்பத் துண்டுக்கு அடித்துக்கொண்டன.

நாங்கள் இறங்கி வந்தபோது கோவில் வாசலில் கூட்டம் விலகி நின்றது. நடுவில் செங்கல்சூளை வீட்டு மருமகள் லியோபா, நிறைமாதத்துக்குச் சில வாரம்தான் இருக்கும், வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமில்லை. ஆண்டவர் தொங்கி நின்றபோது முகம் வடக்கே இருந்ததாம். வடக்கே இருப்பது சூளை வீடு. அவ்வளவு நேரம் வேறு பார்த்தாரே என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. பக்கத்தில் அவள் புருஷன் தொப்பியைக் கசக்கிக்கொண்டு, தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தான். மாக்னுஸின் கழுத்து அப்படியே.

ஒட்டிலி அதைப் பார்த்தாள். நேராகக் கூட்டத்துக்குள் நடந்தாள்.

"வடக்கயும் பாக்கல, தெக்கயும் பாக்கல. புதுசாத் தொடச்ச கண்ணு மேலதான் பாக்குது. மேல நின்னது நானு. என்னையத்தான் பாத்தாரு, கடைசி வரைக்கும் கண்ண எடுக்கல. இவளும் கூட இருந்தா, கேட்டுக்குங்க." பிறகு லியோபாவிடம், "நீ வீட்டுக்குப் போய்ப் படு தாயி. இது உன்னோடது இல்ல," என்றாள்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஆமாம், அவளைத்தான் பார்த்தார் என்று சொன்னேன். பொய்யில்லையே. லியோபா உட்கார்ந்து அழுதுவிட்டாள். அவள் புருஷன் தொப்பியைப் போட்டுக்கொண்டான். கூட்டம் ஒட்டிலியைச் சுற்றி மெல்ல மெல்லப் பின்வாங்கியது, அவளுக்குத் தொத்துவியாதி வந்த மாதிரி.

அந்தக் கோடையில் எங்கும் கல்மழை பெய்யவில்லை. லியோபாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. புல் அறுப்புக்கு மேற்குச் சரிவுக்கு இந்த முறை ஒருவரும் உதவிக்குப் போகவில்லை. என்னையும் அவள் வரவேண்டாம் என்றுவிட்டாள். கோவில் வாசற்படியைப் பெருக்கும்போது அங்கிருந்து அவளைப் பார்க்க முடியும். மேகம் வந்தாலும் வெயில் அடித்தாலும் ஒரே நிதானத்தில் அறுத்துக்கொண்டிருந்தாள். வானத்தை அவள் ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.