இருளப்பன் கைபட்ட சோறு

நீரோ என்னும் நாய் சோறு தொட்டு ஐந்து நாளாயிற்று என்னும் செய்தியை முதல் பஸ்ஸில் வந்த அழகையாதான் மஹய்யா லயத்து வரிசை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவன் தெல்தெனியப் பங்களா ஒன்றில் நாய்களைப் பராமரிப்பவன். இருளப்பன் அப்போதுதான் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"நீங்கதானே இருளப்பண்ணே? ஒங்க நாய் எதையும் திங்க மாட்டேங்குது. தொரை கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"எங்க நாயா? போன வாரமே அது ஒங்க தொரை நாயாப் போச்சே."

"அத நாய்க்கிட்ட யாரு சொல்றது?" என்றான் அழகையா. "எறச்சி போட்டோம். முட்டைய ஒடச்சு ஊத்தினோம். தொரைசானி பக்கத்துல ஒக்காந்து கெஞ்சிப் பாத்துச்சு. மொதல்ல தட்ட மோந்தாவது பாத்துச்சு. இப்ப அதுவுமில்ல. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள திங்கலன்னா துவக்க எடுத்துச் சுட்டுருவேன்னு தொரை சொல்லிட்டாரு. கெட்ட மனுசன் இல்லண்ணே. பட்டினி கெடந்து சாவறதப் பாத்துக்கிட்டு நிக்க முடியாதுங்கறாரு."

இருளப்பனின் மனைவி வீரம்மா உள்ளிருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க சொல்லிக் குடுத்த பாடந்தானே," என்றாள். "நீங்களே போயி அழிச்சுட்டு வாங்க."

அது உண்மையான சொல். ஆகையால் அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

நீரோ கிரேட் டேன் என்னும் பேருருவச் சாதி. இருளப்பன் வேலை பார்த்த, கட்டுகஸ்தோட்டைக்கு மேலே இருந்த பங்களாவுக்கு அது மூன்று மாதக் குட்டியாக வந்தபோதே அதன் பாதங்கள் கரடிக்குட்டியின் பாதங்கள் போலிருந்தன. இவ்வளவு பெரிதாக வளரும் உடம்புக்கு எலும்பு மெல்லத்தான் இறுகும் என்பதை அறிந்து, வாயிற்படிகளில் அதனை ஏறவிடாமல் பல மாதங்கள் தோளில் தூக்கிச் சுமந்தவன் இருளப்பன். வளர்ந்தபின் இழுத்தால் மனிதனால் நிறுத்த முடியாதென்று, சிறியதாயிருக்கும்போதே முழங்காலோடு ஒட்டி நடக்கப் பழக்கினான். உண்டபின் ஓடினால் குடல் முறுக்கிக்கொள்ளுமென்று ஒரு மணிநேரம் அருகிலிருந்து படுக்கவைத்தான். ஒன்றரை வயதில் அது அவன் இடுப்பளவு நின்றது. அன்பு மிகுந்தால் உடம்பின் பாரம் முழுவதையும் அவன்மேல் சாய்க்கும். அவன் பின்னே நகர்ந்து சுவரைப் பிடித்துக்கொள்வான்.

அந்தப் பங்களாத் துரையின் முந்தைய நாய், கட்டாக்காலியாய்த் திரிந்த நாய்களுக்காகத் தெருவோரம் யாரோ போட்ட நஞ்சிறைச்சியைத் தின்று செத்தது. ஆகவே, "உன் கை தவிர வேறு கையில் இது வாங்கக் கூடாது," என்று துரை கட்டளையிட்டார். இருளப்பன் அதற்கொரு வழி கண்டான். பிறர் கையில் கொடுத்து நீட்டச் செய்த இறைச்சிக்குள் அரைத்த கொச்சிக்காய் மிளகாயைப் பொதிந்து வைத்தான். தான் வைக்கும் சோற்றின்மேல் மட்டும் உள்ளங்கையைப் பதித்து, "தின்னு," என்பான். சமையற்காரர், தோட்டக்காரர், துரைசானி, ஏன், துரையைக் கூட விடவில்லை. எல்லாருடைய கையும் அந்த நாயின் வாயைச் சுட்டது. ஒவ்வொருவருக்கும் ஒருமுறையே போதுமானதாயிருந்தது.

கட்டுகஸ்தோட்டை இறைச்சிக்கடைப் பளீலையும் இதற்காக அவன் அழைத்தான். பளீல் கிட்டே வராமல், இறைச்சித் துண்டை நீண்ட இரும்புக் கொக்கியில் மாட்டி எட்ட நின்று நீட்டினார்.

"கையால குடுங்க நானா."

"எங்கட மார்க்கப்படி அதுட வாய்த்தண்ணி பட்டா ஏழு தரம் கழுவோணும், அதுல ஒரு தரம் மண் போட்டு. ஒங்கட தொரைட நாய்க்காக நான் ஆத்தங்கரை மண்ணெல்லாம் கரைக்கேலுமா?"

ஒருமுறை இருளப்பன் காய்ச்சலில் கிடந்தபோது, நாயின் சோற்றுத்தட்டு மாட்டுவண்டியேறி மஹய்யாவுக்கு வந்தது. அவன் பாயில் படுத்தபடியே அதன்மேல் கையைப் பதித்து அனுப்பினான். லயத்து வீட்டார் கூடி நின்று சிரித்தார்கள். இருளப்பனுக்கோ அன்று உள்ளம் பூரித்தது. ஒரு கையையாவது மிச்சம் வைத்திருக்க வேண்டுமென்று அவனுக்குத் தோன்றவேயில்லை. தேயிலை விலை சரிந்த அந்த முப்பத்தோராம் ஆண்டில் துரை சீமைக்குத் திரும்புவார் என்றோ, நாய் தெல்தெனியவுக்குப் போகுமென்றோ யார் கண்டார்?

தெல்தெனியப் பங்களாவின் விறாந்தையில் நீரோ கிடந்தது. விலாவெலும்பை எண்ணிவிடலாம். இருளப்பனின் காலடி ஓசை கேட்டதும் வால் தரையில் அடித்தது. பின்னங்கால்கள் வழுக்க, இருமுறை முயன்று எழுந்து வந்து அவன்மேல் சாய்ந்தது. அவன் பழக்கத்தால் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிடிக்கத் தேவையிருக்கவில்லை, அதன் உடம்பில் அவனைத் தள்ளுகிற பாரம் மிச்சமில்லை.

கஞ்சியில் கையை வைத்து, "தின்னு," என்றான். அது நக்கிக் குடித்தது. தெல்தெனியத் துரை கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் துவக்கு சாத்தியிருந்தது.

"நீ போனா?" என்று கேட்டார்.

"எனக்கு இங்கனயே ஒரு வேல குடுத்தா, தொரை..."

"இப்போ இருக்கிற ஆளையே வேலையிலேருந்து நிறுத்தறது. ரெண்டு நாய்க்காரன் எப்படி?"

அழகையா தலைகுனிந்து நின்றான். இருளப்பன் அவனைச் சோறு கொண்டுவரச் சொன்னான்.

சோற்றில் இருவரும் சேர்ந்து கை பதித்தார்கள். இருளப்பன் அருகிலிருக்கும்வரை நீரோ தின்றது. அவன் சுவருக்குப் பின்னே மறைந்ததும், தட்டை விட்டுவிட்டுத் தள்ளாடியபடி அவனைத் தேடி வந்தது. மூன்று தடவை செய்து பார்த்தார்கள். மூன்று தடவையும் அப்படியே. உச்சிப்பொழுது சாய்ந்தது.

"தெனமும் சோத்த பஸ்ல அனுப்பவா?" என்று அழகையா சிரிக்க முயன்றான்.

"அழகையா, கொஞ்சம் கொச்சிக்கா அரைச்சுக் கொண்டா. தயிரும் வேணும்."

"கொச்சிக்கா யாருக்கு?"

"நீரோவுக்குத்தான். என் கையால."

அழகையா குசினிக்குப் போய் இரண்டையும் கொண்டுவந்தான்.

கொச்சிக்காய் பொதிந்த முதல் இறைச்சித் துண்டை நீரோ மோந்தும் பார்க்கவில்லை. அவன் கையல்லவா, அப்படியே வாங்கி விழுங்கியது. பின்பு இருமிற்று. நாக்கைத் தரையில் தேய்த்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தது. அவன் இரண்டாவதை நீட்டினான்.

அதையும் தின்றது.

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு ஒருமுறை போதுமானதாயிருந்ததே என்று எண்ணியிருந்தான். மூன்றாவதையும் நீரோ கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய வாங்கியது. அவன் நான்காவது துண்டையும் நீட்டினான். அந்தக் கையை முதலில் நக்கிவிட்டே நாய் இறைச்சியை எடுத்தது.

"போதும்ணே," என்றான் அழகையா.

"பேசாம இரு."

ஐந்தாவது துண்டை நீட்டியபோது நீரோ முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டது. உறுமவில்லை. மெல்லத் திருப்பிக்கொண்டது, அவ்வளவே.

"இப்ப நீ குடு. மொதல்ல தயிர். அப்புறம் எறச்சி."

அழகையாவின் கையை அது நெடுநேரம் மோந்தது. புதுக்கை, ஆயினும் அதுவரை சுடாத கை. இருளப்பன் தன் கையையும் பக்கத்திலேயே நீட்டிப் பிடித்திருந்தான். நாய் இரண்டு கைகளையும் பார்த்து, அழகையாவின் கையிலிருந்த தயிரை நக்கியது. பின்பு இறைச்சியைத் தின்றது. இருளப்பன் எழுந்து சுவருக்குப் பின்னே போய் நின்றான். தட்டு தரையில் உராயும் சத்தம் நிற்கவில்லை. யாரும் தேடி வரவுமில்லை.

துரை துவக்கை உள்ளே எடுத்துப் போனார்.

"தின்னதும் ஒரு மணிநேரம் படுக்க வைய்யி. ஓட விட்றாத," என்றான் இருளப்பன். "நாளையிலருந்து தொரைசானி கையாலயும் குடுக்கச் சொல்லு, சமையக்காரன் கையாலயும். ஒரு கையோட நிப்பாட்டிறாத."

புறப்படுமுன் அதன் தலையைத் தொடக் குனிந்தான். நீரோ அவன் உள்ளங்கையை மோந்துவிட்டு, அழகையாவின் காலுக்குப் பின்னே நகர்ந்துகொண்டது.

மாலையில் அவன் மஹய்யாவுக்கு வந்து சேர்ந்தபோது வீரம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"தின்னுச்சா?"

"தின்னுச்சு."

"ஒங்க கையாலயா?"

அவன் தண்ணீர்க் குழாயடிக்குப் போனான். கொச்சிக்காய் பட்ட வலக்கை தீயாய் எரிந்தது. சாம்பல் போட்டுக் கழுவினான். மண் போட்டும் கழுவினான். சோறு ஆறுகிறதென்று வீரம்மா இருமுறை கூப்பிட்டாள். பளீல் நானா சொன்ன ஏழு தரமும் ஆகிவிட்டது. அவன் மறுபடியும் குழாயைத் திறந்தான்.