சிவப்பு ஸ்டிக்கர்

மகளை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்புவதா, மழலையர் வகுப்பிலேயே இன்னொரு வருஷம் உட்கார வைப்பதா? வெள்ளிக்கிழமை சின்னதாக ஒரு பரீட்சை வைத்து முடிவு செய்யலாம் என்று ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்பாவுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கர் வேலை. தையல் பிரிந்திருந்தாலோ பொத்தான் கோணியிருந்தாலோ அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். ஒட்டியது ஒட்டியதுதான். அவரிடம் கெஞ்சித் தப்பித்த தையல்காரி கிடையாது.

மாடியில் தம்பி குடும்பம். தம்பி மகன் வருகிற வருஷம் மழலையர் வகுப்புக்கு வருகிறான். மகள் அங்கேயே தங்கிவிட்டால் இரண்டும் ஒரே பெஞ்சு. "துணைக்கு ஆளாச்சு மாமா" என்று தம்பி மனைவி மாடிப்படியில் நின்று சிரித்தது அவருக்குச் செரிக்கவே இல்லை.

"அஞ்சு வயசே இப்பதாங்க முடிஞ்சுது. நீங்கதானே அவசரப்பட்டுச் சேர்த்தீங்க? ஒரு வருஷம் இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள் அம்மா.

"உன்ன மாதிரியே மந்தமா வளரட்டும்ங்கிற."

அன்று மாலையே ஸ்டிக்கர் ரோல் ஒன்று வீட்டுக்கு வந்தது. பதில் பிசகினால் மகளின் கன்னத்தில் ஒன்று. கட்டைவிரலால் அழுத்தி, "தப்பு" என்பார். அந்த ஒரு வார்த்தைதான். தூங்கப் போகும்வரை பிய்க்கக் கூடாது. முதல் நாள் பதினொன்று விழுந்தது. அம்மை போட்டிருக்கிறதா என்று மாடிப் பையன் கேட்டான். தினமும் அம்மாதான் எண்ணெய் தொட்டுப் பசையைத் துடைத்தாள்.

வியாழக்கிழமை ஒன்றுகூட விழவில்லை. மாடிக்குக் கேட்கும்படி அவளை நூறு வரை எண்ண வைத்தார் அப்பா.

மறுநாள் வகுப்பறையின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் இடிக்க அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் எண்களை மடமடவென்று சொன்னாள். கிழமைகளில் ஒன்றுகூடப் பிசகவில்லை. அடுத்து வண்ண அட்டைகள். நீலம், பச்சை, மஞ்சள் எல்லாம் சரி. ஆசிரியை சிவப்பு அட்டையை எடுத்து நீட்டினார்.

"தப்பு" என்றாள் மகள்.

"என்ன கலர் கண்ணு இது?"

"தப்பு." சொல்லிவிட்டு, ஒட்டிக்கொள்ளத் தோதாகக் கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள். அதற்குப் பிறகு பேரைக் கேட்டும் வாய் திறக்கவில்லை.

ஆசிரியை அட்டையை மெல்லக் கவிழ்த்து வைத்தார். "இன்னொரு வருஷம் இருக்கட்டும் சார்."

"கலர்கூடத் தெரியலை. அம்மாக்காரி வீட்ல சும்மாதான் இருக்கா" என்று சொல்லிவிட்டு அப்பா கையெழுத்துப் போட்டார். அம்மா கேட்டதுதான் கிடைத்திருந்தது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள், மாலையில் மாடியிலிருந்து பையனின் அழுகை இறங்கி வந்தது. பின்னாலேயே தம்பி மனைவி அவன் தாடையைப் பிடித்து முகத்தைக் காட்டினாள். நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம் எல்லாம் சிவப்பு.

"பாருங்க மாமா, உங்க பொண்ணு பண்ணி வச்சிருக்கிறத."

அப்பா மகளைக் கூப்பிட்டார். அவள் சுவரை ஒட்டி நின்றாள். கையில் பாதி தீர்ந்த ரோல்.

"எத்தனை ஒட்டின?"

"ஒம்போது. அவனுக்கு எண்ணவே தெரியலைப்பா."

அப்பா தம்பி மனைவியைப் பார்த்தார். பிறகு, எத்தனையோ மாதம் கழித்து, மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அம்மா எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். மறுநாள் அவர் புது ரோல் கொண்டுவந்தார்.