கிண்ணியை மூடிய கை

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மழை என்றாலே மருந்துப் பயம்தான். பட்டாசுக் கம்பெனியில் நனைந்த மருந்து சும்மா கிடக்காது, தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்பதைப் பள்ளிக்கூடம் போகும் முன்னாலேயே தெரிந்துகொள்கிறோம். அதனால் எங்கள் ஊர்க் கோயில் துப்பாக்கியின் கோளாறை இந்தப் பக்கத்து ஆளுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதில் போடுவது பழைய கரிமருந்து. நனைந்தால் அது வெடிக்காது, பேசாமல் படுத்துக்கொள்ளும்.

அது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. யார் காலத்துச் சாமான் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை விடுவார்கள், நான் எதையும் நம்பவில்லை. குழலில் மருந்தும் தேங்காய் நாரும் போட்டு இடிக்க வேண்டும். குண்டு கிடையாது, சத்தம் மட்டும்தான். குழலின் அடியில், பக்கவாட்டில், கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு கிண்ணி. அதில் ஒரு சிட்டிகை மருந்து. விசையை இழுத்தால் கல் இரும்பில் உரசும், பொறி கிண்ணியில் விழும், கிண்ணி பற்றி ஒரு துளை வழியாக நெருப்பு உள்ளே போகும், குழல் முழங்கும். கிண்ணியின் மூடி தேய்ந்து இளித்து எத்தனையோ காலமாகிறது. வெயில் நாளில் கவலையில்லை. ஆனால் எங்கள் காளியம்மன் பொங்கல் வருவதோ, தீபாவளி முடிந்து கம்பெனிகளெல்லாம் லீவு விட்ட பிறகு, நல்ல அடைமழையில். இந்த அம்மனுக்கு வேறு மாதமே அமையவில்லையா என்று கேட்டு அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

துப்பாக்கி முழங்கினால்தான் அம்மன் சப்பரத்தைத் தூக்குவார்கள். மூன்று தடவை முயலலாம். மூன்றும் பொய்த்தால் அந்த வருஷம் சாமி வெளியே வராது, சுடுகிற உரிமையும் வீடு மாறும். எங்கள் வீட்டுக்கே அப்படித்தான் மேலத்தெருப் பங்காளிகளிடமிருந்து வந்தது. அவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை.

அப்பா முத்துக்கருப்பன் சுடும் காலத்தில் மழை பெய்தால் நான்தான் கிண்ணிக்குக் கூரை. உள்ளங்கையைக் குவித்து மேலே பிடித்துக்கொள்வேன். அண்ணன் உக்கிரபாண்டிக்குப் பெயர்தான் அப்படி, உள்ளங்கை எந்நேரமும் வியர்த்து வடியும். அவனைக் கை வைக்கச் சொன்னால் மழையே தேவையில்லை. அதனால் அவன் குடை பிடிப்பான், நான் கை பிடிப்பேன், அப்பா சுடுவார். “எடு தாயீ” என்பார். நான் கையை எடுப்பதும் அவர் விசையை இழுப்பதும் ஒரே நொடியில் நடக்கும். முந்தினால் கிண்ணியில் மழை. பிந்தினால் கை வெந்துபோகும். அந்த “எடு தாயீ”யைக் காதில் வாங்கிக்கொண்டு நின்ற நாட்களைப் போல நான் அப்புறம் நிமிர்ந்து நின்றதில்லை. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும், எங்கள் மூன்று பேர் கையில் அம்மன் இருப்பாள்.

என்னை ஆலங்குளத்தில் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் அய்யாதுரைக்கு அங்கே சிமெண்ட் ஆலையில் வேலை. ஆனாலும் பொங்கலுக்கு வந்துவிடுவேன். அப்பா போன பிறகு அண்ணன் சுட்டான், நான் கை பிடித்தேன். அவனும் அப்பாவைப் போலவே “எடு தாயீ” என்று குரலைக் கனமாக்கிச் சொல்வான். எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

பிறகுதான் என் மகள் ஓவியாவை அண்ணன் தன் மகன் செழியனுக்குக் கேட்டான். முறைதான், செழியனும் தங்கமான பையன்தான். ஆனால் ஓவியா, “கூடவே வளந்தவன்மா, அவன மாப்பிள்ளைன்னு நெனைச்சா சிரிப்பா வருது” என்றாள். செழியனைக் கேட்டால் அவனும் தலையைச் சொறிந்தான். நான் மகள் பக்கம் நின்றேன். கட்டிக்கொள்ள வேண்டிய இரண்டு பேருக்கும் வருத்தமில்லை, கட்டிவைக்க இருந்தவனுக்கு வந்ததே கோபம்! “எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இல்ல” என்றான். ஓவியாவின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரவில்லை. மாமன் மாலைக்குக் காத்திருந்து, கடைசியில் அய்யாதுரையின் ஒன்றுவிட்ட மச்சான் ஒருவரைப் பிடித்து நிறுத்தினோம். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதற்கப்புறமும் ஒவ்வொரு பொங்கலுக்கும் போனேன். பிறந்த ஊருக்கு யாரும் என்னை அழைக்க வேண்டியதில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நிற்பேன். அம்மன் அண்ணனுக்கு இரக்கப்பட்டாளோ என்னவோ, சுடுகிற நேரத்துக்கு மழை வெறித்துவிடும். ஊர் முழுக்க மழை நிற்க வேண்டுமென்று கும்பிடும்போது நான் ஒருத்தி மட்டும் கொட்டித் தீர்க்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டிருப்பேன். மழை பெய்தால் அவன் என்னைக் கூப்பிட வேண்டியிருக்கும். கூப்பிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

இந்த வருஷம் கொட்டியது. சாதாரணக் கொட்டு இல்லை, எதிரே நிற்கிற ஆள் தெரியாத கொட்டு. சப்பரத்துக்குத் தார்ப்பாய் போட்டாயிற்று. கொட்டுமேளக்காரர்கள் கொட்டுகளை வேட்டிக்குள் பொத்திக்கொண்டார்கள். அண்ணன் துப்பாக்கியோடு வந்தான். தேர்தலுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கிவந்து, துடைத்து எண்ணெய் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தான். மேலத்தெருப் பெரியவர் வெள்ளைத்துரை முன்வரிசையில் வந்து நின்றுகொண்டார். அந்த மனுஷர் அந்த வயதில் அந்த மழையில் எதற்கு நனைகிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

முதல் தடவை கிண்ணிக்குமேல் பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டி, கடைசி நொடியில் உருவினார்கள். பைக்குள் ஈரம் கோத்திருக்க வேண்டும். கல் உரசிப் பொறி பறந்தது. கிண்ணியில் ஒன்றுமில்லை.

“யப்பா, கம்பெனில வெடிக்குப் போடுற வெள்ளை மருந்து கொஞ்சம் கொண்டாந்து கலந்துருவோமா? மளையாவது ஒண்ணாவது!” என்றான் செழியன்.

“ஏலே, கொளல் கிளிஞ்சு இங்கன நிக்கிற அம்புட்டுப் பேரும் போயிருவோம். வாய மூடிட்டுக் கைய வையி” என்றான் அண்ணன்.

செழியன் கை வைத்தான். பாவம், அவனைக் குறை சொல்ல மாட்டேன். பிழைப்பே பட்டாசுக் கம்பெனியில். பொறி தட்டும் என்று தோன்றினாலே கதவைப் பார்த்து ஓடப் பழகிய உடம்பு அது. அண்ணனின் விரல் விசைக்குப் போனதுமே கையை உதறிவிட்டுக் கோயில் வாசற்படிக்குப் போய்விட்டான். கிண்ணி நிறைய மழை. கூட்டத்தில் சிரித்தார்கள். வெள்ளைத்துரை சிரிக்கவில்லை, வேட்டியை மடித்துக் கட்டினார். அதைப் பார்த்ததும் அண்ணன் முகம் செத்துவிட்டது. அப்பா கையால் வாங்கிய துப்பாக்கியைத் தன் காலத்தில் விட்டுவிடப் போகிறான்.

நான் புடவையை இழுத்துச் செருகினேன். அய்யாதுரை என் முழங்கையைப் பிடித்தார்.

“போகாத. ஊர் நடுவுல மூக்கறுபட்டு நிப்ப.”

“என் மூக்குத்தான? நான் பாத்துக்கிடுறேன்” என்று போய்விட்டேன்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கிண்ணியைத் துடைத்துக்கொண்டே மகனிடம் சொன்னான்: “ஏலே செழியா, கை வைக்க வந்திருக்கவுகள்ட்ட சொல்லு. நீ எடுங்கன்னு சொன்னதும் அவுக எடுக்கணும்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “செழியா, ஒங்கப்பாட்ட சொல்லு. நீ சொன்னா எடுக்க மாட்டேன். வெடிக்கிறது யாரோ, அவுக வாயால சொல்லணும். எங்கய்யா காலத்துல இருந்து அதுதான் வளக்கம்.”

செழியன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். “யத்தே, ரெண்டு பேரும் ஒரு சாண் தூரத்துல நிக்கீக. நான் எதுக்கு நடுவுல?” என்று நகர்ந்துகொண்டான்.

நான் கையைக் குவித்துப் பிடித்தேன். அண்ணன் அதன் அடியில் மருந்தைத் தூவினான். புறங்கையில் மழை அறைந்தது. இத்தனை வருஷம் கழித்து அவனை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறேன். மீசை முழுக்க வெளுத்திருந்தது. மேல்மூச்சு வாங்கியது. என்னைக் கேட்காமல் இப்படிக் கிழவனாகிவிட்டானே என்று கோபமாக வந்தது. விசையில் விரலை வைத்துவிட்டான். வாயைத் திறக்கிறான், மூடுகிறான், மறுபடி திறக்கிறான். ஊரே அவன் வாயைப் பார்க்கிறது. அவனால் முடியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. சரி, நாமே எடுத்துவிடுவோம், அம்மன் காரியம் கெட வேண்டாம் என்று நினைத்தேன்.

“மீனா” என்றான்.

“தாயீ” இல்லை, அப்பா குரல் இல்லை. சின்ன வயசில் என்னைத் தெருத்தெருவாகத் தேடி அலைந்து கூப்பிடுவானே, அந்தக் குரல். “பாண்டிமீனா” என்ற பேரில் பாதியை அவன் ஒருத்தன்தான் தின்றுவிடுவான்.

“எடு” என்றும் சொன்னான். சொன்னது கேட்டது. எடுக்க வேண்டும் என்பதும் தெரியும். நான் எடுக்கவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, மறந்தே போனேன். என் பேரைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

கைக்கு அடியில் புஸ்ஸென்று நெருப்பு எழுந்தது. அடுத்த நொடி குழல் முழங்கியது. ஒரு சொட்டுகூட உள்ளே விழாததால்தான் அந்த மழையில் அது பற்றியது என்று பிறகு சொன்னார்கள். குலவைச் சத்தம் எழுந்தது, கொட்டுகள் முழங்கின, சப்பரம் தோளுக்கு ஏறியது. வெள்ளைத்துரை மடித்த வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டார்.

அண்ணன் துப்பாக்கியைச் செழியன் மேல் எறிந்துவிட்டு என் கையைப் பிடித்தான். உள்ளங்கை முழுக்கக் கருத்து, நடுவில் தோல் வழன்றிருந்தது. அதைத் திருப்பி மழைக்குக் காட்டிக்கொண்டே வாய்க்கு வந்தபடி வைய ஆரம்பித்தான்.

“கிறுக்கு முண்டம்! எடுன்னு சொன்னேன்ல? காது அவிஞ்சா போச்சு? அறிவு இருக்கா ஒனக்கு? அப்பயும் சொன்ன பேச்சுக் கேக்க மாட்ட, இப்பயும் கேக்க மாட்ட. எம்புட்டு நாள் ஒன்ன…” பாதியில் நிறுத்திவிட்டான். என் கையை விடவுமில்லை.

கை எரிந்தது. நான் அழுதேனா, மழையா என்று கேட்டால், அழுதேன்.

“நிறுத்தாதண்ணே” என்றேன். “இன்னுங் கொஞ்சம் வையி.”